கைக்கு ஒத்து வருதான்னு முதல்ல பாருங்க: ஃபுல் சைஸ் பாலிமர் பிஸ்டல் பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். டியூட்டிக்கு இடுப்புல மாட்டுற ஃபுல் சைஸ் பாலிமர் (கெட்டியான பிளாஸ்டிக்) பிஸ்டல் வாங்கலாமா, வாங்குனா எதைப் பாத்து வாங்கணும்னு கேட்டிருக்கீங்க. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். லைசென்ஸ் யாருக்கு கிடைக்கும், எந்த காலிபர் (தோட்டா அளவு) வச்சுக்கலாம், மேகசின்ல (தோட்டா அடுக்குற பெட்டி) எத்தனை ரவுண்டு, அதாவது தோட்டா, வரைக்கும் அனுமதி, இதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்க ஊர் சட்டப்படி உறுதி பண்ணிட்டு அப்புறம் கடைக்கு போங்க.

கேள்வி: செக்யூரிட்டி வேலைக்காக பிஸ்டல் வாங்கப் போறேன் ஐயா. எங்கப்பா இரும்பு துப்பாக்கி பாத்தே பழகுனவர். பிளாஸ்டிக்னா கீழ விழுந்தா உடைஞ்சிடும், கையிலயே வெடிச்சிடும்னு சொல்றார். உண்மையா?

அப்பா பயப்படுறதுல தப்பில்ல தம்பி, நான் ஆர்மரரா, அதாவது துப்பாக்கி பராமரிக்கிறவனா, சேர்ந்த புதுசுல எங்க சீனியருங்களும் இதேதான் சொன்னாங்க. ஆனா எந்த பாகம் என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சுட்டா அந்த பயம் தானா போயிடும். 9 எம்எம் தோட்டா வெடிக்கிறப்ப சேம்பருக்குள்ள (தோட்டா உக்காருற அறை) பிரஷர் 2350 பார் வரைக்கும் போகலாம், ஒரு கார் டயர்ல இருக்குறது 2 சொச்சம் பார்தான், ஒப்பிட்டு பாத்துக்கோங்க. அவ்வளவு பிரஷரையும் தாங்குறது பேரலும் (குழல்), அது மேல முன்னும் பின்னும் ஓடுற ஸ்லைடும், ரெண்டுமே எஃகு. சுட்ட உடனே ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கிட்டே கொஞ்சம் பின்னால நகரும், குண்டு பேரலை விட்டு வெளிய போயி பிரஷர் இறங்குன அப்புறம்தான் பேரலோட பின்பக்கம் கீழ சாஞ்சு பூட்டு விடும். ஃபிரேம், அதாவது பாலிமர்ல செஞ்ச அடிப்பாகம், அந்த வெடிப்பை நேரா வாங்குறதே இல்ல. ஸ்லைடு ஓட பாதை, நம்ம கைக்கு பிடி, ட்ரிகர் சாமான்களுக்கு ஒரு வீடு, அவ்வளவுதான் அதோட வேலை. அந்த பாதையும் வெறும் பாலிமர் இல்ல, ஸ்லைடை கழட்டிட்டு ஃபிரேமை மேலருந்து பாருங்க, கிளாக் கம்பெனி பிஸ்டல்ல நாலு சின்ன எஃகு தகடு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், ஸ்லைடு அது மேலதான் ஓடுது.

இது நேத்து வந்த சமாச்சாரமும் இல்ல. 1970லயே ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனி விபி70னு பாலிமர் ஃபிரேம் பிஸ்டல் கொண்டு வந்துட்டாங்க, ட்ரிகர் ரொம்ப கனமா இருந்ததால அது பெருசா ஓடல. 1982ல ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17ஐ எடுத்த பிறகுதான் உலகமே இந்த பக்கம் திரும்புச்சு. 2013ல பிரிட்டிஷ் ராணுவம் பழைய பிரவுனிங் ஹை பவரை விட்டுட்டு கிளாக் 17க்கு மாறுச்சு, 2017ல அமெரிக்க ராணுவம் சிக் சாவர் பி320ஐ எம்17ங்கிற பேர்ல எடுத்துக்கிச்சு. உடையற சாமானா இருந்தா இத்தனை ராணுவம் சேத்துக்குமா சொல்லுங்க. எடையில கிடைக்கிற லாபத்தையும் அப்பாகிட்ட சொல்லுங்க. மேகசின் இல்லாம கிளாக் 17 சுமார் 630 கிராம், அலுமினிய ஃபிரேம் பெரெட்டா 92 சுமார் 950 கிராம், எஃகு 1911 சுமார் 1100 கிராம். 12 மணி நேர ஷிஃப்ட்ல பெல்ட்டுல மாட்டிக்கிட்டு நின்னு பாத்தவங்களுக்கு இந்த வித்தியாசம் இடுப்புல தெரியும்.

பாலிமர் துருப்பிடிக்காது, ஆனா ஸ்லைடும் சின்ன சின்ன பின்னும் துருப்பிடிக்கும். வேர்வை அதிகமா வர்ற உடம்புன்னா வாரம் ஒரு தடவை துடைச்சு லேசா எண்ணெய் காட்டுங்க.

கேள்வி: கடையில நின்னு பாக்க பத்து நிமிஷம்தான் கிடைக்கும், சுட்டு பாக்க விடமாட்டாங்க. அந்த நேரத்துல என்னத்த பாக்கறது?

பத்து நிமிஷம் தாராளம். பெரும்பாலானவங்க அந்த பத்து நிமிஷத்தையும் ரவுண்டு எத்தனை, பேரல் எத்தனை இஞ்ச்னு கேட்டே கழிச்சிடுறாங்க, அதெல்லாம் பேப்பர்லயே இருக்குங்க, கை சொல்றதை மட்டும் எந்த பேப்பர்லயும் படிக்க முடியாது.

கையில வாங்குன உடனே மேகசினை கழட்டுங்க, ஸ்லைடை பின்னால இழுத்து பூட்டுங்க, சேம்பரை கண்ணால பாருங்க, அப்புறம் சுண்டுவிரலை உள்ள விட்டு தடவிப் பாருங்க. கடைக்காரர் இப்பதான் பாத்து குடுத்தார்னாலும் நீங்களும் பாருங்க, நல்ல கடைக்காரர் அதுக்கு சந்தோஷப்படுவார். குழலை ஆள் இல்லாத பக்கம், சுவரோ தரையோ பாத்து வைங்க.

இப்ப பிடி. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுல இருக்குற கவட்டை, கிரிப்போட பின்பக்கம் எவ்வளவு மேல போகுமோ அவ்வளவு மேல ஏறி உக்காரணும். அப்படி பிடிச்சா பிஸ்டலும் முன்கையும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், அந்த நிலையிலயே சுட்டுவிரலோட முதல் கணு சதை ட்ரிகர் நடுவுல பதியணும். விரல் எட்டலைன்னு பிஸ்டலை கையில திருப்பி பிடிச்சு சமாளிச்சீங்கன்னா அந்த சைஸ் உங்களுதில்ல, பேக்ஸ்ட்ராப் (கிரிப்போட பின்பக்கத் துண்டு) மாத்தி கேளுங்க. அடுத்தது, கண்ணை மூடிக்கிட்டு பிஸ்டலை கண் மட்டத்துக்கு தூக்கி நீட்டுங்க, நீட்டிட்டு கண்ணை தொறங்க. குழல் நுனிப் பக்கம் குறி பாக்க இருக்குற முன் சைட், பின் சைட்டோட பள்ளத்துல கிட்டத்தட்ட நடுவுல நின்னா அந்த கிரிப்போட சாய்மானம் உங்க மணிக்கட்டுக்கு பொருந்துதுன்னு அர்த்தம். மேல தூக்கிக்கிட்டோ கீழ கவுந்தோ நின்னா பழகுனா சரியாகும்தான், ஆனா வேற பிஸ்டல் பழகாமலே நேரா நிக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அப்புறம் ட்ரிகர். கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு காலியா அழுத்திப் பாருங்க, இந்த வகை பிஸ்டலுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. முதல்ல கொஞ்ச தூரம் லேசா வரும், அப்புறம் ஒரு சுவத்துல முட்டுன மாதிரி நிக்கும், அந்த சுவர்லருந்து இன்னும் அழுத்துனா டக்னு விடும். அந்த சுவர் எங்க இருக்குன்னு விரலுக்கு தெளிவா தெரியுதா, பஞ்சு மாதிரி அமுங்கிக்கிட்டே போகுதா, இதை கவனிங்க. விட்ட பிறகு ட்ரிகரை அழுத்தி பிடிச்சுக்கிட்டே ஸ்லைடை ஒரு தடவை இழுத்து விடுங்க, இப்ப விரலை மெல்ல மெல்ல முன்னால விடுங்க, ஒரு இடத்துல சின்னதா க்ளிக்னு விரல் நுனியிலயே தட்டும், அதுதான் ரீசெட். அது கிட்டக்கயே வந்தா ரெண்டாவது ரவுண்டு சீக்கிரம், பதட்டம் இல்லாம போகும். நான் ஒரு பிஸ்டலை நல்லாருக்கு, சுமார்னு பிரிக்கிறதே பாதி இந்த க்ளிக்கை வச்சுதான்.

கடைசியா பிடியை மாத்தாம கட்டைவிரல் மேகசின் பட்டனுக்கு எட்டுதா, அமுக்குனா காலி மேகசின் தானா கீழ விழுதா, ஸ்லைடை இழுக்குறப்ப பின்னால இருக்குற வரிகள் வேர்வை கையிலயும் பிடிமானம் குடுக்குமா, இதைப் பாருங்க. இடதுகைக்காரங்க மேகசின் பட்டனை அடுத்த பக்கம் மாத்த முடியுமான்னும் கேட்டுக்கோங்க.

கேள்வி: நான் போலீஸ்ல இருக்கேன் சார், கை சின்னது. குடுத்திருக்குற பிஸ்டல்ல என் குறி எப்பவும் இடது பக்கமே விழுது. உனக்கு பயிற்சி போதலைன்னு சொல்றாங்க. சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன், எதுக்கு போகலாம்?

உங்க மேல தப்பு இருக்கும்னு எனக்கு தோணல மேடம், முதல்ல பிடி சைஸை பாருங்க. வலதுகைக்காரங்களுக்கு ட்ரிகர் எட்டலைன்னா விரல் நுனி மட்டும்தான் அது மேல படும், நுனியால அழுத்துறப்ப ட்ரிகர் நேரா பின்னால வராம பக்கவாட்டுல தள்ளப்படும், குண்டு இடது பக்கம் போகும். வருஷக்கணக்கா திட்டு வாங்கிக்கிட்டு இருந்த ஒரு பொண்ணுக்கு நான் செஞ்சது ரெண்டே நிமிஷ வேலை, பிஸ்டலோட பின்பக்க பின்னை தட்டி எடுத்துட்டு பெரிய பேக்ஸ்ட்ராப்பை கழட்டி சின்னதை மாட்டி குடுத்தேன், அன்னைக்கே அவங்க குறி நடுவுக்கு வந்துடுச்சு. அந்த சின்ன பேக்ஸ்ட்ராப் அத்தனை நாளும் பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் கவரோடயே கிடந்திருக்கு, யாரும் எடுத்துக்கூட பாக்கல. எனக்கு இன்னமும் மனசு ஆறாத விஷயம் அது.

சொந்தமா வாங்குறதுன்னா ஹெக்லர் அண்ட் கோக் விபி9ஐ ஒரு தடவை கண்டிப்பா பிடிச்சு பாருங்க, பின்பக்கத் துண்டு, ரெண்டு பக்கவாட்டுத் துண்டு எல்லாம் மூணு மூணு சைஸ்ல வரும், மாத்தி மாத்தி போட்டா 27 விதமா அமைக்கலாம். ஸ்மித் அண்ட் வெஸன் எம்அண்ட்பி 2.0ல நாலு சைஸ் வரும். சிக் பி320ல கிரிப்பையே முழுசா சின்ன சைஸுக்கு மாத்திக்கலாம், ஏன்னா அதுல ட்ரிகர் சாமான் மொத்தமும் ஒரு தனி எஃகு கூடா கழண்டு வரும், சீரியல் நம்பரே அதுலதான் இருக்கு. கிளாக்ல 4வது தலைமுறையிலருந்துதான் மாத்துற பேக்ஸ்ட்ராப் வருது, பழசுல கிடையாது.

எதை வாங்கினாலும் வீட்டுல ஒரு பயிற்சி பண்ணுங்க. பிஸ்டல் காலின்னு ரெண்டு தடவை பாத்துட்டு, தோட்டாக்களை வேற ரூம்ல வச்சுட்டு, சுட்டு முடிச்ச தோட்டாவோட காலி கூட்டை (கேஸ்) முன் சைட் மேல நிக்க வச்சு ட்ரிகரை அழுத்துங்க. கேஸ் விழாம பத்து தடவை அழுத்திட்டீங்கன்னா உங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

கேள்வி: 9 எம்எம் தோட்டா போதுமா, அதைவிட பெரிய .40 இல்ல .45 எடுக்கட்டுமா?

9 எம்எம் எடுங்க. 1986ல மியாமியில நடந்த துப்பாக்கிச் சண்டையில எஃப்பிஐ ஆட்கள் ரெண்டு பேர் செத்த பிறகுதான் 9 எம்எம் பத்தாதுங்கிற பேச்சே கிளம்புச்சு, அதுலருந்து 10 எம்எம்முக்கு போனாங்க, அது ரொம்ப உதைச்சதால 1990ல .40 வந்துச்சு. அப்புறம் குண்டு தயாரிக்கிற டெக்னாலஜி மாறிடுச்சு. சோதனைக்கு வைக்கிற 10 சதவீத ஜெலட்டின் கட்டியில குண்டு 12லருந்து 18 இஞ்ச் வரைக்கும் போகணும்னு எஃப்பிஐ ஒரு அளவுகோல் வச்சிருக்கு, நல்ல கம்பெனி 9 எம்எம் ஹாலோ பாயிண்ட் (நுனியில குழி வச்ச குண்டு) இன்னைக்கு அதை எட்டிடுது, அதனால அவங்களே 9 எம்எம்முக்கு திரும்பி வந்துட்டாங்க. கிட்டத்தட்ட அதே சைஸ் கிளாக்ல 9 எம்எம்முக்கு 17 ரவுண்டு, .40க்கு 15. உதையும் கம்மி, தோட்டாவும் பொதுவா விலை கம்மி, அப்ப அதிகமா சுட்டு பழகலாம்.

கேள்வி: கூட வேலை பாக்குறவர் ட்ரிகர் கனமா இருக்குன்னு சொல்லி வெளிய ஒரு லைட் ட்ரிகர் கிட் வாங்கி மாட்டியிருக்கார், சூப்பரா இருக்கு. நானும் மாட்டவா?

வேண்டாம் தம்பி. போட்டிக்கு சுடுற பிஸ்டல்னா உங்க இஷ்டம், டியூட்டிக்கு போறதுல கை வைக்காதீங்க. கம்பெனி ட்ரிகர் சுமார் இரண்டரை கிலோ இழுப்புல வருதுன்னா அதுக்கு காரணம் இருக்கு, நெஞ்சு படபடன்னு அடிக்கிறப்ப, கை நடுங்குறப்ப, விரலுக்கு நுணுக்கம் போயிடும், ரேஞ்ச்ல சூப்பரா இருந்த லைட் ட்ரிகர் அந்த நேரத்துல நீங்க நினைக்கிறதுக்கு முன்னாடியே விட்டுடும். ஸ்பிரிங்கை மெலிசாக்கி எடையை குறைச்சிருந்தாங்கன்னா சில தோட்டாவோட பிரைமர் (அடியில முதல்ல தீப்பொறி தர்ற மூடி) வெடிக்காமலும் போகலாம். அதுக்காக ரொம்ப கனமும் நல்லதில்ல, நியூயார்க் போலீஸ் ரொம்ப காலம் 12 பவுண்டு (சுமார் ஐந்தரை கிலோ) ட்ரிகர் வச்சிருந்தாங்க, அவ்வளவு கனத்தை அழுத்துறப்ப குறி கலையத்தான் செய்யும். கம்பெனிலருந்து எப்படி வந்துச்சோ அப்படியே வச்சு ஆயிரம் ரவுண்டு சுடுங்க, உங்க விரல் அதுக்கு பழகிடும்.

கேள்வி: இதுல கையால போடுற சேஃப்டியே இல்லையே, தோட்டா ஏத்தி இடுப்புல வச்சுக்கறது பயமா இல்லையா?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா காயம் படறது இங்கதான்.

கிளாக் மாதிரி பிஸ்டல்ல ட்ரிகர் நடுவுல சின்ன நாக்கு ஒண்ணு இருக்கும், விரல் அதை அமுக்காம ட்ரிகர் பின்னால வராது. உள்ள ஃபயரிங் பின்னை (தோட்டாவை தட்டி வெடிக்க வைக்கிற ஊசி) ஒரு கட்டை தடுத்துக்கிட்டு நிக்கும். மூணாவதா கீழ விழுந்தா விடாம இருக்க ஒரு ஏற்பாடு. இந்த மூணும் சேர்ந்து பிஸ்டல் தானா வெடிக்காம பாத்துக்கும். இதுல எது சரியா அமையலைன்னாலும் ஆபத்துதான், 2017ல பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்துல பின்பக்கமா விழுந்தா வெடிக்குதுன்னு வெளிய டெஸ்ட் பண்ணவங்க காட்டுன பிறகு கம்பெனி இலவசமா பாகம் மாத்தி குடுத்துச்சு, அதனால பழைய பி320 வாங்குறவங்க அந்த மாத்தம் நடந்திருக்கான்னு கட்டாயம் கேளுங்க.

ஆனா ட்ரிகரை ஏதாவது ஒண்ணு அழுத்துனா பிஸ்டல் விடத்தான் செய்யும், அது விரலா வேற எதுவான்னு அதுக்கு தெரியாது. ஒரு நாள் ரேஞ்ச்ல மழைக்கோட்டு போட்ட பையன் ஒருத்தன் சுட்டு முடிச்சுட்டு என்னையே பாத்து பேசிக்கிட்டே பிஸ்டலை ஹோல்ஸ்டர்ல (இடுப்பு உறை) சொருகுறான், கோட்டோட இழுக்குற கயிறு, நுனியில உருண்டையா ஒரு பிளாஸ்டிக் கட்டையோட, ஹோல்ஸ்டர் வாய்க்குள்ள தொங்கிக்கிட்டு இருக்கு. கத்துனா பதறி அமுக்கிடுவான்னு நான் அவன் மணிக்கட்டை அப்படியே பிடிச்சு நிறுத்துனேன். கயிறு ட்ரிகர் கார்டுக்குள்ள (ட்ரிகரை சுத்தி இருக்குற வளையம்) நுழைஞ்சிருந்துச்சு. இன்னும் ஒரு இஞ்ச் கீழ இறங்கியிருந்தா அவன் தொடையில பாஞ்சிருக்கும். அன்னைலருந்து என்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் ஒரே பாடம்தான், வெளிய எடுக்கறது வேகமா இருக்கலாம், உள்ள வைக்கறதுக்கு ஒரு அவசரமும் இல்ல, குனிஞ்சு கண்ணால பாத்து வைங்க.

ஹோல்ஸ்டர் உங்க மாடலுக்குன்னே செஞ்சதா, ட்ரிகர் கார்டை முழுசா மூடுறதா, வளைஞ்சு குடுக்காத கெட்டியான சாமானா இருக்கணும். பொது இடத்துல நிக்கிற வேலைன்னா வேற ஒருத்தன் உருவ முடியாத பூட்டு வச்சதா வாங்குங்க. இன்னொண்ணு, கிளாக்கை சுத்தம் பண்ண பிரிக்கணும்னா ட்ரிகரை அழுத்தித்தான் ஆகணும், மேகசினை எடுத்துட்டு சேம்பரை பாக்க மறந்தவங்க அந்த இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. விபி9, பி320 ரெண்டையும் ட்ரிகர் தொடாமலே பிரிக்கலாம், இது எனக்கு பெரிய பிளஸ்ஸா படுது. கையால போடுற சேஃப்டி இருந்தாதான் மனசு நிம்மதின்னா எம்17, எம்அண்ட்பி ரெண்டுலயும் அப்படி மாடல் இருக்கு, வாங்குங்க, ஆனா எடுக்குறப்பவே கட்டைவிரல் அதை தானா தட்டுற வரைக்கும் பழகணும்.

கேள்வி: போலீஸ்ல யூஸ் பண்ணி விட்ட செகண்ட் ஹேண்ட் பிஸ்டல் எடுக்கலாமா?

தாராளமா. அது பெரும்பாலும் தினம் இடுப்புல தொங்குனது, சுட்டது கம்மி. வெளிய ஹோல்ஸ்டர் தேய்ச்சு வெள்ளையா இருக்கும், உள்ள பேரல் புதுசாட்டம் இருக்கும். ஃபிரேம்ல வெடிப்பு, பேரல் நுனியில அடி, சீரியல் நம்பர்ல சுரண்டல் இதை மட்டும் பாருங்க. ரீகாயில் ஸ்பிரிங்கும் (ஸ்லைடை திரும்ப முன்னால தள்ளுறது) மேகசின் ஸ்பிரிங்கும் வாங்குன கையோட புதுசு போட்டுடுங்க. இருட்டுல மின்னுற ட்ரிட்டியம் சைட் இருந்தா தயாரிச்ச வருஷம் கேளுங்க, ட்ரிட்டியம் 12 வருஷம் சொச்சத்துல பாதி வெளிச்சம் இழந்துடும்.

கேள்வி: ரெட் டாட் சைட் (கண்ணாடிக்குள்ள சிவப்புப் புள்ளி காட்டுறது) தேவையா?

இப்பவே மாட்டணும்னு இல்ல, ஆனா ஸ்லைடுல அதுக்கு வெட்டு இருக்குற மாடலா வாங்கி வச்சுக்கோங்க, பின்னால வெட்டுறது செலவு. வயசாகி முன் சைட் மங்கலா தெரியுறவங்களுக்கு அது பெரிய உதவி, எனக்கே இப்ப அப்படித்தான். கிரிப் சரியா அமையலைன்னா புள்ளியை கண்ணாடிக்குள்ள தேடிக்கிட்டேதான் இருப்பீங்க, மறுபடியும் கைக்குத்தான் வர்றோம் பாருங்க.

கேள்வி: புது பிஸ்டல் சார், முதல் 100 ரவுண்டுலயே மூணு தடவை ஜாம். காலி கேஸ் வெளிய போகாம ஸ்லைடுக்கு நடுவுல நட்டுக்கிட்டு நிக்குது. திருப்பி குடுத்துடவா?

பொறுங்க, குடுத்துடாதீங்க. காலி கேஸ் அப்படி நிக்குறதுக்கு பாலிமர் பிஸ்டல்ல முதல் சந்தேகம் மணிக்கட்டு மேலதான். ஸ்லைடு முழுசா பின்னால போகணும்னா ஃபிரேம் அசையாம நிக்கணும், ஃபிரேம் லேசா இருக்கறதால அதை அசையாம நிறுத்துற வேலை முழுசும் உங்க கையோடது, மணிக்கட்டு தளர்ந்தா ஃபிரேமும் சேர்ந்து பின்னால போயிடும், ஸ்லைடுக்கு தேவையான ஓட்டம் கிடைக்காது. அதனால முதல்ல நல்லா சுடத் தெரிஞ்ச வேற ஒருத்தர்கிட்ட அதே பிஸ்டல், அதே தோட்டா குடுத்து 50 ரவுண்டு சுட சொல்லுங்க. அவர் கையில ஓடுச்சுன்னா பிடியை சரி பண்ணா போதும்.

அவர் கையிலயும் நின்னா மேகசின். எல்லா மேகசினுக்கும் அடியில பெயிண்ட் பேனாவால 1, 2, 3ன்னு நம்பர் போடுங்க, எது நிக்குதோ அதை தனியா எடுத்து வைங்க, நான் பாத்த ஜாம்ல நிறைய இப்படி ஒரே மேகசின்லதான் வந்து முடிஞ்சிருக்கு. அப்புறம் தோட்டாவை மாத்துங்க, சில புது பிஸ்டல் ஸ்பிரிங் பழகற வரைக்கும் லேசான பயிற்சித் தோட்டாவுல தடுமாறும். புது கிளாக்னா ஸ்லைடுக்குள்ள செம்பு நிறத்துல ஒரு பசை பூசி வந்திருக்கும், அழுக்குன்னு நினைச்சு வழிச்சு எடுத்துடாதீங்க, அது கம்பெனி போட்டு அனுப்புற மசகு. ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணு மாத்துங்க, எல்லாத்தையும் சேத்து மாத்துனா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது.

எல்லாம் சரியாகி பயிற்சித் தோட்டா 500, டியூட்டிக்கு வைக்கிற தோட்டாவே 200, நிக்காம ஓடுன பிறகுதான் இடுப்புல மாட்டுங்க. அது வரைக்கும் பழசையே வச்சுக்கோங்க. அப்படியும் ஜாம் ஆச்சுன்னா எனக்கு எழுதுங்க, எத்தனையாவது ரவுண்டு, மேகசின் நம்பர் என்ன, எந்த தோட்டா, யார் கையில, நாலையும் குறிச்சு அனுப்புங்க.